நூறு வயது தாண்டிய வின்செஸ்டர் வாங்கிய அனுபவம்

அமெரிக்காவில் பழைய லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் (ட்ரிகருக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் நீளத் துப்பாக்கி) சேகரிக்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மாடல் வாங்கலாம் என்பதுதான். எனக்கு மாடலை விட வேறொரு விஷயம் முக்கியமாகப் படுகிறது. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு அந்தத் துப்பாக்கியில் யார் யார் கை வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தேய்மானம் இருக்கலாம். கீறல் இருக்கலாம். ஆனால் இரும்பு, மரம், திருகு எல்லாம் ஒரே மாதிரி வயதாகியிருக்க வேண்டும். ஓஹாயோவில் ஒரு சந்தையில் நான் வாங்கிய வின்செஸ்டர் 1894-ஐ இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

என் ரைஃபிள் 1905-ல் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் செய்தது. 26 அங்குல எண்கோணக் குழல், .30 காலிபர் (குழல் துளையின் அளவு). யூட்டா மாநிலம் ஆக்டன் ஊர்க்காரரான ஜான் பிரவுனிங் வடிவமைத்து, வின்செஸ்டர் நிறுவனம் அவரிடமிருந்து உரிமை வாங்கித் தயாரித்த மாடல் இது. முதலில் .32-40, .38-55 என்ற கரிமருந்துத் தோட்டாக்களுக்கு வந்தது. 1895-ல் புகையில்லா மருந்துக்கான .30-30 சேர்ந்த பிறகுதான் இதன் பேர் நாடெங்கும் பரவியது. மொத்தம் 70 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். ஆகவே 1894 என்ற பெயரைப் பார்த்ததும் அபூர்வம் என்று நினைத்துவிடக் கூடாது. கைபடாமல் தப்பித்த பழைய 1894-தான் அபூர்வம்.

தேட ஆரம்பிக்கும் முன் எல்லைகளை வகுத்துக்கொண்டேன். வின்செஸ்டரின் 1866 மாடலும் 1873 மாடலும் எனக்குக் கட்டுப்படியாகாத விலை. 1866-க்கான .44 ஹென்றி ரிம்ஃபயர் தோட்டாவைத் தயாரிப்பதும் எப்போதோ நின்றுவிட்டது. வேறு நிறுவனங்களில் மார்லின் 1893 நல்ல துப்பாக்கி. மேல்பக்கம் மூடிய ரிசீவர் (குழலுக்குப் பின்னால் இயங்கும் பாகங்களைத் தாங்கும் இரும்புக் கூடு), காலித் தோட்டா பக்கவாட்டில் வெளியே வரும். சாவேஜ் 1899 இன்னொரு அழகு. வெளியே தெரியும் ஹாமர் (சுத்தி) கிடையாது, தோட்டாக்களை வைக்கும் மேகசின் உள்ளே சுழலும், எத்தனை தோட்டா மிச்சம் என்று காட்டும் சின்ன ஜன்னல் வேறு. 1899-லேயே இப்படி யோசித்த ஆர்தர் சாவேஜ் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இருந்தும் வின்செஸ்டரையே தேர்ந்தெடுத்தேன். காரணம் அதன் பதிவேடுகள். அதைப் பிறகு சொல்கிறேன்.

'ப்ரீ-64' என்று சந்தையில் அடிக்கடி காதில் விழும். 1964-ல் வின்செஸ்டர் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றியது. கடைசல் பிடித்துச் செய்த பாகங்கள் சிலவற்றுக்குப் பதில் தகட்டில் அச்சடித்த பாகங்கள் வந்தன. முழு உலோக ஊசிகள் இருந்த இடத்தில் உள்ளீடற்ற சுருள் ஊசிகள் வந்தன. ரிசீவர் உலோகமும் மாறியதால் பழைய நீலப் பூச்சு அதில் சரியாக ஏறவில்லை. சுடுவதற்கு 1964-க்குப் பிந்தையவையும் நன்றாகவே உழைக்கும். சேகரிப்புக்கு என்றால் முந்தையவற்றையே பார்க்கச் சொல்வேன். நினைவுப் பதிப்புகளிலும் கவனம் வேண்டும். தங்கமுலாம் பூசி, பெட்டியோடு வரும் 1966-ம் ஆண்டு நூற்றாண்டுப் பதிப்பு ஒரு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. வாங்கியவர்கள் பெரும்பாலும் சுடாமல் பத்திரமாக வைத்தார்கள். புத்தம் புதிதாகவே இத்தனை இருக்கும்போது விலை எப்படி ஏறும்?

சட்டத்தைப் பற்றி நம் ஆட்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். க்ரீன் கார்டு உள்ளவரோ குடியுரிமை பெற்றவரோ வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு ஃபெடரல் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. விசாவில் இருப்பவர்கள் யாரோ சொன்னார்கள் என்று இறங்காமல் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாங்கினால் படிவம் 4473 நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் துப்பாக்கி கைக்கு வரும். அந்தப் படிவத்தில் பொய் சொல்வது ஃபெடரல் குற்றம். வேறு மாநிலத்தில் இருக்கும் தனி நபரிடம் வாங்கினாலும் உங்கள் மாநிலத்தில் உரிமம் பெற்ற வியாபாரி மூலமாகத்தான் பெற முடியும்.

இதில் சேகரிப்பாளர்களுக்கு இரண்டு சலுகைகள் இருக்கின்றன. 1898-ம் ஆண்டு முடியும்வரை செய்யப்பட்டவை ஃபெடரல் சட்டத்தில் 'தொன்மைப் பொருள்'. அவற்றுக்கு மேலே சொன்ன படிவம் வேண்டாம். மாநிலச் சட்டம் கடுமையாக இருக்கலாம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அடுத்தது, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏ.டி.எஃப். தரும் சேகரிப்பாளர் உரிமம். மூன்று வருஷத்துக்கு 30 டாலர். 50 வயது தாண்டி, பழைய வடிவத்திலேயே இருக்கும் துப்பாக்கிகளை மற்ற மாநிலங்களிலிருந்தும் நேரடியாக வாங்கிக்கொள்ளலாம். பதிலுக்கு வாங்கியது விற்றது எல்லாவற்றையும் பதிவேட்டில் ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். சேகரிப்புக்கு மட்டும்தான் இது. வாங்கி விற்கும் தொழிலுக்கு ஆகாது.

1898 என்ற கோட்டினால் விலையும் மாறுகிறது. ஒரே நிலையில் இருக்கும் இரண்டு ரைஃபிள்களில் 1898-ல் செய்தது 1899-ல் செய்ததை விடக் கூடுதல் விலைக்குப் போகும். விற்பவர் '1898' என்று சீட்டு ஒட்டியிருந்தால் எந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். தொடர் எண்ணிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கப் பரவலாகப் புழங்கும் அச்சுப் பட்டியல் ஒன்று. தொழிற்சாலையின் மெருகேற்றும் பிரிவில் எழுதி வைத்த பதிவேடு இன்னொன்று. சில மாடல்களில் இரண்டும் ஒத்துப்போவதில்லை. கோட்டுக்கு அருகில் இருக்கும் எண் என்றால் பதிவேட்டில் சரிபார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

சரி, இனி துப்பாக்கியைக் கையில் எடுக்கும் கட்டம். நான் கற்றதில் பாதிக்கு மேல் இங்கேதான். சந்தையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். எடுக்கலாமா என்று ஒரு கேள்வி, லீவரைத் திறக்கலாமா என்று இன்னொரு கேள்வி. திறந்ததும் உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட வேண்டும். மேகசின் குழாயிலும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். காலியாக ட்ரிகர் இழுத்துப் பார்ப்பது பழைய துப்பாக்கிக்காரர்களுக்குப் பிடிக்காது. இந்த மரியாதைக்குப் பலன் உண்டு. நான் கேட்டுக் கேட்டுச் செய்ததைப் பார்த்த அந்தப் பெரியவர், மேசைக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து, "இதையும் பாருங்கள்" என்று நீட்டினார். அதுதான் இப்போது என்னிடம் இருப்பது.

நான் முதலில் பார்த்தது நிறத்தை அல்ல, திருகுகளை. திருகின் தலையில் இருக்கும் வெட்டு நேராக, கூர்மையாக இருக்கிறதா? பொருந்தாத ஸ்க்ரூடிரைவரைப் போட்டுத் திருகியிருந்தால் ஓரங்கள் பிய்ந்து உப்பியிருக்கும். யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. இந்த ரைஃபிளில் ஒரே ஒரு திருகில் மட்டும் லேசான தடம். அப்புறம் திருகுத் துளைகளின் விளிம்பு. மறுபடி மெருகேற்றிய துப்பாக்கியில் துளையைச் சுற்றிக் கிண்ணம் போலச் சரிந்திருக்கும், ஏனென்றால் துணிச்சக்கரம் பள்ளத்துக்குள் போய் விளிம்பைத் தின்றுவிடும். எண்கோணக் குழலில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். பக்கங்கள் சந்திக்கும் கோடுகளில் நகத்தை வைத்து நடத்திப் பாருங்கள். கூர்மை தட்டுப்பட வேண்டும். வழவழவென்று நகம் வழுக்கினால் அந்தக் குழல் மெருகுச் சக்கரத்தைப் பார்த்திருக்கிறது. எழுத்துகளும் அதேபோலத்தான். 'வின்செஸ்டர்' என்ற எழுத்தின் அடிப்பகுதி ஆழமாகவும் மேல்விளிம்பு மங்கியும் இருந்தால் சந்தேகப்படலாம்.

நிறத்தில் எனக்கு ரொம்பப் பயன்பட்ட விஷயம் ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் வந்த 1894-களின் ரிசீவரில் நீலப் பூச்சு செதில் செதிலாக உரிந்துபோவது சகஜம். குழலில் நீலம் நன்றாக இருக்கும், ரிசீவர் மட்டும் சாம்பல் நிறமாகிவிடும். புதியவர்கள் இதைப் பார்த்து ஒதுக்குவார்கள். உண்மையில் அந்தக் காலத்துத் துப்பாக்கியில் ரிசீவர் மட்டும் பளபளவென்று கருநீலமாக இருந்து, லீவரும் குழலும் தேய்ந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். என் ரைஃபிளின் ரிசீவர் பக்கங்களில் பாதிக்கு மேல் உரிந்துவிட்டது. அடிப்பகுதியில் வெள்ளி போலத் தேய்ந்த ஒரு பட்டை இருக்கிறது. ரைஃபிளை ஒற்றைக் கையில் தூக்கினால் எடை சரியாக நிற்கும் இடம் அது. உள்ளங்கை பட்டுப் பட்டுத் தேய்ந்தது. குழல் முனையின் இரு பக்கமும் அதேபோல வெளுத்திருக்கிறது, உறைக்குள் போட்டு எடுத்த தேய்மானம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தின. அங்கேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மரத்தைப் பார்க்க விரல் நுனி போதும். தொழிற்சாலையில் பொருத்தும்போது வால்நட் மரத்தை இரும்பை விட ஒரு மயிரிழை உயரமாகவே விட்டிருப்பார்கள். மரத்திலிருந்து இரும்புக்கு விரலை ஓட்டினால் மெல்லிய படி இறங்குவது தெரிய வேண்டும். மரம் இரும்பை விடத் தாழ்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். ரிசீவரின் வால் மரத்துக்குள் நுழையும் கழுத்துப் பகுதியில் மயிரிழை விரிசல் இருக்கலாம், அதை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அடிக்கட்டையின் கீழ் நுனியில் சில்லு உடைந்திருப்பது சாதாரணம். என்னுடையதிலும் இருக்கிறது, விலையில் அதைக் கழித்துக்கொண்டேன்.

குழல் மாற்றப்பட்டதா என்று பார்க்க இன்னொரு வழி. 1905 நடுவில்தான் வின்செஸ்டர் குழலிலும் ரிசீவரிலும் நீள்வட்டத்துக்குள் டபிள்யூ, பி என்ற இரண்டு எழுத்துகள் கொண்ட சோதனை முத்திரையைக் குத்த ஆரம்பித்தது. அதற்கு முந்தையதில் இரண்டு இடத்திலும் முத்திரை இருக்காது. பிந்தையதில் இரண்டிலும் இருக்கும். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லையென்றால், பின்னால் எப்போதோ குழல் மாறியிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். குழலில் காலிபர் குறிப்பும் பாருங்கள். அந்த நாளில் வின்செஸ்டர் .30-30 என்று எழுதாது, '30 டபிள்யூ.சி.எஃப்.' என்றுதான் எழுதும். நிக்கல் எஃகுக் குழல், புகையில்லா மருந்துக்கென்றே செய்தது என்ற வாசகமும் கூட இருக்கும்.

குழலின் உள்பக்கத்துக்கு அவசரப்படாதீர்கள். லீவரைத் திறந்து, பின்பக்கம் சின்ன விளக்கை வைத்து, முனையிலிருந்து பார்க்க வேண்டும். அந்தக் காலத்துத் தோட்டாக்களின் ப்ரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் பாகம்) இருந்த ரசாயனம் உப்பாகப் படிந்து, ஈரத்தை இழுத்துக் குழலைத் தின்னும். சுட்ட அன்றே கழுவாதவர்களின் துப்பாக்கியில் உள்ளே அம்மைத் தழும்பாக இருக்கும். வின்செஸ்டரைப் பிரிக்காமல் பின்பக்கமிருந்து சுத்தம் செய்ய முடியாது. முனை வழியாகத்தான் கம்பியை விட வேண்டும். அதனால் முனையில் மட்டும் குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகள் தேய்ந்து போயிருக்கலாம், முனையின் கடைசி இரண்டு அங்குலத்தைத் தனியாகப் பாருங்கள். மார்லினில் லீவர் திருகு ஒன்றைக் கழற்றினால் போல்ட் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) வெளியே வந்துவிடும், பின்பக்கமிருந்தே சுத்தம் செய்யலாம். இந்த ஒரு விஷயத்தில் மார்லின்காரர்கள் பெருமைப்படுவது நியாயம். என் ரைஃபிளின் குழலில் வரிகள் தெளிவு, ஆனால் பளபளப்பு இல்லை, நடுவில் கொஞ்சம் அரிப்பு. 1905-க்கு இது நல்ல குழல்தான்.

இயங்கும் பகுதியில் மூன்றைப் பார்த்தேன். லீவரை மூடியதும் பூட்டுக்கட்டை போல்ட்டுக்குப் பின்னால் முழுவதும் மேலேறி நிற்க வேண்டும். ஹாமரைப் பாதியில் நிறுத்தினால் அங்கேயே பிடித்து நிற்க வேண்டும், ட்ரிகரை அழுத்தினாலும் விடக் கூடாது. லீவர் கடைசிவரை மூடாதவரை ட்ரிகர் வேலை செய்யக் கூடாது. இவற்றையும் விற்பவரிடம் சொல்லி, கட்டைவிரலால் ஹாமரைப் பிடித்துக்கொண்டே செய்தேன். ரிசீவரில் புதுத் துளைகள் உண்டா என்பதையும் மறக்காமல் பாருங்கள். டெலஸ்கோப் மாட்ட யாரோ போட்ட இரண்டு துளைகள் விலையைப் பெரிய அளவில் இறக்கிவிடும். அடைத்தாலும் அடைத்தது தெரியும்.

இந்தச் சோதனைகளுக்கு நடுவே விற்பவர்கள் கதை சொல்வார்கள். பழைய ஷெரிஃப் வைத்திருந்தது, வாயோமிங் பண்ணைக்காரரின் குடும்பச் சொத்து என்றெல்லாம். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை, அவர்களுக்குச் சொன்னதை அவர்கள் சொல்கிறார்கள். ஆனால் கதையை வாங்காதே, துப்பாக்கியை வாங்கு என்று சேகரிப்பாளர்கள் சொல்வது சரியான பேச்சு. கையில் காகிதம் இல்லாத கதைக்கு நான் ஒரு டாலரும் கூடுதலாகக் கொடுக்கமாட்டேன்.

காகிதம் என்றால் வாயோமிங் மாநிலம் கோடி நகரத்தில் இருக்கும் துப்பாக்கி அருங்காட்சியகத்தைத்தான் சொல்கிறேன். பஃபலோ பில் பெயரில் இருக்கும் பெரிய அருங்காட்சியக வளாகத்தின் ஒரு பகுதி. வின்செஸ்டர் தொழிற்சாலையின் கையெழுத்துப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. 1894 மாடலுக்குச் சுமார் 3,50,000 தொடர் எண் வரை பதிவு உண்டு, அதாவது 1906 வாக்கில் செய்தவை வரை. கட்டணம் செலுத்தினால் அந்த எண்ணுக்கான விவரத்தைக் கடிதமாகத் தருவார்கள். ரைஃபிளா கார்பைனா (குட்டையான வகை), குழல் எண்கோணமா உருண்டையா, காலிபர், ட்ரிகர் வகை, கிடங்குக்கு வந்த நாள், அனுப்பிய நாள் எல்லாம் இருக்கும். யாருக்கு அனுப்பினார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது. அதனால் ஷெரிஃப் கதையை இந்தக் கடிதத்தால் நிரூபிக்க முடியாது. உறுப்பினராக இருந்தால் வாங்கும் முன்னமே தொடர் எண்ணைச் சொல்லிப் பதிவைக் கேட்டுக்கொள்ளலாம். வேறொரு சந்தையில் பாதி நீள மேகசின் குழாய், விசேஷக் குழல் என்று மூன்று மடங்கு விலை சொன்ன ரைஃபிள் ஒன்றை இப்படிக் கேட்டபோது, பதிவேட்டில் அது சாதாரண உருண்டைக் குழலோடு வெளியே போனதாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். எனக்கு வாய்த்த ரைஃபிளின் பதிவு கையிலிருந்ததோடு வரிக்கு வரி பொருந்தியது.

விலைச் சீட்டில் 1,950 டாலர் போட்டிருந்தார். மரத்தில் சில்லு, பின்பக்கக் குறிபார்க்கும் சைட் காணாமல் போய் அந்த இடத்தில் ஒரு அடைப்புத் துண்டு. இரண்டையும் காட்டி மெதுவாகப் பேசினேன். 1,650-க்கு முடிந்தது. அவர் உரிமம் பெற்ற வியாபாரி என்பதால் அங்கேயே படிவம் நிரப்பி, சோதனை முடிந்து வாங்கிக்கொண்டேன். குறையைச் சொல்லும்போது துப்பாக்கியை மட்டம் தட்டாதீர்கள். அவரும் அதை நேசித்து வைத்திருந்தவர்தான். ஏலத்தில் வாங்குபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். விழும் தொகைக்கு மேல் வாங்குபவர் கமிஷன் தனி, அது 20 சதவீதத்தைத் தொடலாம். அதற்கு மேல் அனுப்பும் செலவு, வியாபாரி கட்டணம் வேறு. ஏலத்தில் கையில் எடுத்துப் பார்க்க முடியாவிட்டால் திருகு, துளை விளிம்பு, மரமும் இரும்பும் சேரும் இடம் என்று நெருக்கத்தில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்யக் கூடாதவைதான் அதிகம். பழைய பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கும் நம் வீட்டுக் கை, இதில் மட்டும் சும்மா இருக்க வேண்டும். பழுப்பேறிய நிறம் போனால் திரும்ப வராது, விலையும் அதோடு போகும். மெல்லிய எண்ணெய் தடவிய துணியால் துடைத்தேன், இரும்பில் மெழுகு பூசினேன், அவ்வளவுதான். தோல் உறையிலும் நுரை வைத்த பெட்டியிலும் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம், ஈரம் பிடித்து இரும்பைத் தின்றுவிடும். எண்ணெய் போட்டபின் முனை கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். இல்லையென்றால் எண்ணெய் மெல்ல இறங்கி மரத்தின் கழுத்தைக் கறுப்பாக்கி மென்மையாக்கிவிடும். காணாமல் போன சைட்டை அதே காலத்து ஒன்றாகப் பார்த்துத் தேடி வாங்கிப் பொருத்தினேன். எடுத்த அடைப்புத் துண்டைத் தூக்கிப் போடவில்லை, உறையில் போட்டுக் குறிப்பெழுதி வைத்திருக்கிறேன்.

சுடலாமா என்று கேட்பார்கள். நல்ல துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் தோட்டா அறையை அளந்து பார்த்து, சரி என்று சொல்லும்வரை கூடாது. கரிமருந்துக் காலத்துக் குழல்களில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது. குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிற்கும், முன்னதன் ப்ரைமரைப் பின்னதன் முனை தொட்டுக்கொண்டிருக்கும். அதனால் தட்டை முனையோ, இதற்கென்று மென்முனையோடு வருவதோ மட்டும்தான். கூர்முனைத் தோட்டா ஆபத்து. எனக்கு மெக்கானிக் பச்சைக்கொடி காட்டிய பிறகு மிதமான .30-30 தோட்டாவில் எப்போதாவது கொஞ்சம் சுடுவதுண்டு.

கடைசியாக ஒன்று, நிறைய பேர் தள்ளிப்போடும் வேலை. கோடி அருங்காட்சியகக் கடிதம், வாங்கிய ரசீது, தொடர் எண் தெரியும் படங்கள், என்ன விலை, எதை மாற்றினேன் என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு மனைவியிடம் காட்டிவிட்டேன். வீட்டுக் காப்பீட்டில் துப்பாக்கிக்கு உச்சவரம்பு இருக்கும் என்பதால் சேகரிப்புக்கென்று தனிக் காப்பீடும் எடுத்தாயிற்று. கோப்பின் முதல் பக்கத்தில், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இதை அவசரத்தில் விற்க வேண்டாம், முதலில் இன்ன மாதிரி ஆளிடம் மதிப்பு கேட்க வேண்டும், யாரும் மெருகேற்றித் தருகிறேன் என்றால் கொடுக்க வேண்டாம் என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்.